பெயர் சொல்லாத நோய்

இருட்டிய பிறகு பாம்பு என்ற சொல்லை வாயால் சொல்லலாகாது என்பது என் பாட்டி வகுத்த சட்டங்களுள் ஒன்று. கொல்லைப்புறத்தில் சருகு சலசலத்தால், "பூச்சி போகிறது, விளக்கை எடு" என்பாள். நாங்கள் விளக்கோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து அது நல்ல பாம்புதான் என்று அடித்துச் சொன்னாலும், விடிகிற வரையில் அது அவளுக்குப் பூச்சிதான். நோய்களின் விஷயத்திலும் அவள் இதே நியதியைத்தான் கடைப்பிடித்தாள். அண்டை வீட்டுக் குழந்தைக்கு உடம்பெங்கும் முத்துப் போட்டுவிட்டால் 'அம்மா வந்திருக்கிறாள்' என்று சொல்வாளேயன்றி, வியாதி என்ற சொல் அவள் நாவில் எழாது. ஊரை வாரிக்கொண்டுபோன வாந்திபேதியைப் பற்றிப் பேச நேர்ந்தாலோ, 'அது வந்த வருஷம்' என்ற வெறும் சுட்டோடு நிறுத்திக்கொள்வாள். பெயரைச் சொன்னால் பெயருக்குரியது வந்து நிற்கும் என்ற அந்த அச்சத்தைச் சிறுபிராயத்தில் நான் பேதைமை என்று எண்ணி நகைத்ததுண்டு. அந்த நகைப்புக்காக வெட்கப்பட வேண்டிய சமயம் எனக்கு வெகு காலம் கழித்து, 2020-ஆம் வருஷத்தில் வாய்த்தது.

அவ்வருஷம் மார்ச் 24 அன்று இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு வந்து, நான்கு மணி நேரத்தில் நாடு முழுவதும் கதவடைத்துக்கொண்டபோது, பலரையும் போலவே நானும் புத்தக அலமாரியின் பக்கம் ஒதுங்கினேன். கொள்ளைநோயைப் பற்றி முன்னோர் எழுதிவைத்த நூல்களைத் தேடிப் படிக்கும் ஆர்வம் அப்போது உலகமெங்கும் எழுந்தது. ஆல்பெர் கம்யூ 1947-இல் எழுதிய நாவலைப் பிரான்சிலும் இத்தாலியிலும் ஜனங்கள் புதிதாக வெளிவந்த நூலைப்போல வாங்கினார்கள். இப்படிப்பட்ட துன்பம் முன்னரும் வந்தது, வந்து போயிற்று, மனிதன் மிஞ்சினான் என்ற ஆறுதலைத் தேடியே பெரும்பாலோர் அந்நூல்களை நாடினார்கள் என்று நினைக்கிறேன். அது பொய்யான ஆறுதலன்று. ஆயினும் மிகவும் சிறியது. மிஞ்சிய மனிதன் எத்தகையவனாக மிஞ்சினான் என்ற கேள்வியை அது தொடுவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக அந்நூல்களைப் படித்துக்கொண்டு போகையில் எனக்குத் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது வேறொரு விஷயம். கொள்ளைநோய் மனித உடம்பைப் பற்றுவதற்கு முன்பாகவே மனிதரின் சொற்களைப் பற்றிவிடுகிறது. உடம்பை விட்டு நீங்கிய பின்னும் சொற்களை விட்டு எளிதில் நீங்குவதில்லை.

இந்த உண்மையை மற்றெவரைக் காட்டிலும் நுட்பமாகக் கண்டவர் இத்தாலிய நாவலாசிரியரான அலெஸ்ஸாந்த்ரோ மான்சோனி. 1827-இல் முதலில் வெளிவந்து, 1840-இல் மொழி திருத்தப்பெற்று மறுபடி வெளிவரத் தொடங்கிய அவருடைய பெருநாவல், மணம் நிச்சயிக்கப்பட்ட ஏழைக் காதலர் இருவரின் கதை. அந்தக் கதையை நட்டாற்றில் நிறுத்திவிட்டு, இரண்டு அத்தியாயங்களுக்கு அவர் சரித்திரக்காரராக மாறி, 1630-இல் மிலான் நகரத்தைப் பாழாக்கிய கொள்ளைநோயின் பழைய ஏடுகளைப் புரட்டுகிறார். அதற்கு முந்திய வருஷம், மாந்துவா நாட்டின் வாரிசுரிமையை முன்னிட்டு எழுந்த போருக்காக ஜெர்மானியக் கூலிப்படைகள் அந்தப் பிரதேசத்தின் வழியே இறங்கிச் சென்றன. படை கடந்த கிராமங்களிலெல்லாம் சாவு பின்தொடர்ந்தது. மருத்துவர்கள் போய்ப் பார்த்து, வந்திருப்பது கொள்ளைநோய்தான் என்று முறையிட்டார்கள். ஆளுநரோ, போர்க் கவலை அதனினும் பெரிது என்ற பாவத்தில் பதில் சொல்லிவிட்டு, சில தினங்களுக்குள்ளாகவே, ஸ்பானிய மன்னருக்கு ஆண் மகவு பிறந்ததைக் கொண்டாட நகரமெங்கும் பொது விழா நடக்க வேண்டும் என்று 1629 நவம்பர் 18 அன்று ஆணை பிறப்பித்தார்.

ஆள்பவர்களின் அலட்சியத்தைக் காட்டுவது சுலபம். மான்சோனி அதோடு நின்றுவிடவில்லை. ஜனங்களுக்கும் அந்தச் சொல் வேண்டியிருக்கவில்லை என்பதை அவர் ஈவிரக்கமின்றிக் காட்டுகிறார். எண்பது வயதை எட்டிக்கொண்டிருந்தவரும், மருத்துவத்தில் கீர்த்தி பெற்றவரும், ஏழைகளுக்குக் கைம்மாறு கருதாமல் வைத்தியம் செய்தவருமான லுதோவிகோ ஸெத்தாலா ஒருநாள் பல்லக்கில் ஏறி நோயாளிகளைப் பார்க்கச் செல்லுகையில், இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லி வைத்தியர்களுக்குப் பிழைப்புத் தேடித் தருகிறவன் இவன்தான் என்று கூவிக்கொண்டு ஒரு கூட்டம் சூழ்ந்துகொண்டது. பல்லக்குத் தூக்கிகள் அவரை அருகிலிருந்த நண்பர் வீடு ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்திராவிட்டால் அன்று அவர் கதி என்னவாகியிருக்கும் என்று சொல்ல முடியாது. முதலில் அந்தப் பெயரை உச்சரிக்கவே தடை. பிறகு ஏதோ ஒரு தொற்றுக் காய்ச்சல் என்ற சமாதானம். அப்புறம் கொள்ளைநோய்தான், ஆயினும் முழுமையான கொள்ளைநோய் இல்லை என்ற இழுபறி. இவ்வாறு ஒரு சொல் படிப்படியாக நகரத்துக்குள் நுழைவதற்குப் பிடித்த காலத்தில், நோய் எந்தப் படியிலும் நிற்காமல் உள்ளே வந்து குடியேறிவிட்டது.

மான்சோனியின் நாவலில் தோன் ஃபெர்ராந்தே என்று ஒரு கல்விமான் வருகிறார். தொற்று என்பது ஒரு பொருளாகவும் இருக்க முடியாது, பொருளைச் சார்ந்த குணமாகவும் இருக்க முடியாது. ஆகையால் தொற்று என்று ஒன்று இருக்கவே முடியாது என்று தர்க்க சாஸ்திரத்தைக் கொண்டு பழுதில்லாமல் நிரூபித்தவர் அவர். நிரூபித்த காரணத்தாலேயே எந்த முன்னெச்சரிக்கையும் கொள்ளாமல், நோய் கண்டு, கிரகங்களை நொந்துகொண்டு படுக்கையில் கிடந்து இறந்துபோகிறார். என் பாட்டியின் அச்சத்தை நகைத்த நான் இந்தப் பண்டிதரிடம் வந்தபோது நகைப்பு அடங்கிப்போயிற்று. பாட்டி பூச்சி என்று சொன்னாலும் விளக்கை எடுத்துக்கொண்டுதான் போகச் சொன்னாள். பண்டிதரோ பாம்பே இல்லை என்று நிலைநாட்டிவிட்டு இருட்டில் நடந்தார். 2019 டிசம்பர் 30 அன்று வூஹான் நகரத்துக் கண் மருத்துவர் லீ வென்லியாங் தம் சக மருத்துவர்களுக்கு ஓர் எச்சரிக்கை அனுப்பினார். அதற்காகச் சில தினங்களில் போலீசார் அவரை அழைத்து, பொய்ச் செய்தி பரப்பியதாகக் கண்டித்துக் கையெழுத்து வாங்கினார்கள். 2020 பிப்ரவரி 7 அன்று, முப்பத்து மூன்று வயதில், அதே நோயால் அவர் மாண்டார். மிலானில் ஸெத்தாலாவின் பல்லக்கு மறிக்கப்பட்டதற்கும் இதற்கும் இடையே ஏறக்குறைய நானூறு வருஷங்கள் கழிந்திருந்தன.

*

மறுக்கப்பட்ட உண்மை பிற்பாடு ஏற்றுக்கொள்ளப்படும்போது தனியாக வருவதில்லை, ஒரு குற்றவாளியையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறது என்பது மான்சோனி கற்பிக்கும் இரண்டாவது பாடம். நோயே இல்லை என்று நேற்று வரை சாதித்தவர்கள், சாவுகள் கண்முன்னே குவிந்த பிறகு தங்கள் பிழையை ஒப்புக்கொள்வதற்குப் பதிலாக, நோய் உண்டு, அதை யாரோ வேண்டுமென்றே பரப்புகிறார்கள் என்று சொல்லத் தலைப்பட்டார்கள். சுவர்களிலும் கதவுகளிலும் விஷத்தைலம் பூசுகிறவர்கள் நகரத்தில் திரிவதாக ஒரு வதந்தி எழுந்தது. 1630 ஜூன் 11 அன்று, பேராயரின் இசைவோடு, புனிதர் ஒருவரின் திருவுடல் நகரத் தெருக்களில் பெரும் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டது. மறுநாள் முதல் மரணங்கள் பெருகின. ஆயிரக்கணக்கானோர் தோளோடு தோள் உரச நடந்ததை யாரும் காரணமாக நினைக்கவில்லை. அந்தக் கூட்டத்தைச் சாதகமாக்கிக்கொண்டு விஷம் பூசுகிறவர்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டார்கள் என்றே முடிவு கட்டினார்கள்.

பத்து நாள் கழித்து, ஜூன் 21 காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் நின்ற ஒரு பெண்மணி, கையில் காகிதத்தோடு ஒருவன் சுவரை ஒட்டி நடந்து செல்வதையும், அவ்வப்போது விரல்களைச் சுவரில் துடைப்பதையும் கண்டாள். சுவரை ஒட்டி நடந்தது மழைக்காக. விரலைத் துடைத்தது எழுதுகையில் ஒட்டிய மைக்காக. குல்யெல்மோ பியாட்ஸா என்ற அந்த மனிதன் நகரத்துச் சுகாதார மன்றத்தின் ஊழியன். நோயைக் கணக்கெடுப்பதற்காகவே நியமிக்கப்பட்டவன். அவனைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். உண்மையைச் சொன்னால் மன்னிப்பு உண்டு என்ற வாக்குறுதியின் பேரில் அவன், உண்மை எதுவும் இல்லாத காரணத்தால், ஒரு பெயரைச் சொன்னான். கொள்ளைநோய்க்கு மருந்துத் தைலம் காய்ச்சிக் கொடுத்துவந்த ஜான் ஜாகோமோ மோரா என்ற நாவிதனின் பெயர் அது. அந்த நாவிதனும் வதையைத் தாளமாட்டாமல், கேட்டவற்றுக்கெல்லாம் ஆம் என்றான். இருவரையும் பொதுவிடத்தில் கொன்றார்கள். அவர்களைக் கொன்ற விதத்தை இங்கே எழுத எனக்குத் துணிவில்லை. மோராவின் வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கி, அந்த மனையில் மறுபடி யாரும் கட்டிடம் எழுப்பலாகாது என்று விதித்து, 'அவமானத் தூண்' ஒன்றை நட்டு, குற்றத்தையும் தண்டனையையும் கல்லில் பொறித்துவைத்தார்கள். அந்தத் தூண் 1778 வரையில், நூற்று நாற்பத்தெட்டு வருஷங்கள், நின்றது.

இந்தச் சம்பவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மான்சோனி தம் நாவலின் பின்னிணைப்பாகத் தனி நூலே எழுதினார். சித்திரவதையும் மரண தண்டனையும் கூடா என்று 1764-இல் நூல் எழுதி ஐரோப்பாவின் மனச்சாட்சியை உலுக்கிய செஸாரே பெக்காரியா அவருடைய தாய்வழிப் பாட்டனார். ஆகையால் நீதியைப் பற்றிய விசாரம் அவருக்குக் குடும்பச் சொத்தாகவே வந்தது எனலாம். ஆனால் பேரன் கேட்ட கேள்வி பாட்டனார் கேட்டதைக் காட்டிலும் கடினமானது. அந்தக் காலத்துச் சட்டம் கொடியது, அந்தக் காலத்து ஜனங்கள் அறியாதவர்கள் என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியுமா என்பது அக்கேள்வி. முடியாது என்கிறார் அவர். அன்றிருந்த சட்டத்தைக் கொண்டே, அன்றிருந்த அறிவைக் கொண்டே, அந்த நீதிபதிகள் தாம் செய்வது அநீதி என்று உணர்ந்திருக்க முடியும். உணரவொட்டாமல் தடுத்தது அறியாமை இல்லை, பயமும் சினமுமே என்று அவர் ஏடு ஏடாக எடுத்துக் காட்டுகிறார். இன்னும் ஒன்றையும் அவர் மறைப்பதில்லை. ஜனக்கூட்டத்துக்குத் தப்பியோடிய நல்ல மருத்துவர் ஸெத்தாலாவே மற்றொரு சமயத்தில், சூனியக்காரி என்று பழி சுமத்தப்பட்ட ஓர் ஏழைப் பெண் வதைபட்டு எரிக்கப்படுவதற்குத் துணை நின்றவர். பழிக்கு ஆளானவன் பழி சுமத்தமாட்டான் என்ற உத்தரவாதம் எந்தக் காலத்திலும் கிடையாது.

இதைப் படித்த இரவில் எனக்குச் சிலப்பதிகாரத்தின் முகப்பிலுள்ள உரைபெறு கட்டுரை நினைவுக்கு வந்தது. கோவலன் கொலையுண்டு மதுரை எரிந்த பிறகு பாண்டிநாட்டில் மழை பொய்த்தது, வறுமை சூழ்ந்தது, வெப்புநோயும், கொப்புளமாய் எழும் 'குரு' என்ற நோயும் தொடர்ந்தன என்கிறது அது. அது கண்டு கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் என்ன செய்தான்? பத்தினித் தெய்வத்துக்குச் சாந்தியாகப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான். மழை பெய்தது, நோய் நீங்கிற்று. சிலம்பு திருடிய பொற்கொல்லன் ஒருவன். அவன் பொருட்டு ஒரே பகலில் மடிந்தவர்கள் ஆயிரம் பேர். கண்ணகியின் நீதியைப் பற்றி நாம் மேடைதோறும் பேசியிருக்கிறோம், பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு நாடகம் போட்டிருக்கிறோம். அந்த ஆயிரவரில் ஒருவனுடைய பெயரையாவது யாரும் கேட்டதில்லை. காவியத்தின் வாசலிலேயே கிடக்கும் அந்தச் சடலங்களைத் தாண்டிக்கொண்டுதான் நாம் உள்ளே போய்வருகிறோம். மிலானில் கல்லாய் நின்ற அவமானத் தூணுக்குப் பின்னாளில் ஒரு மான்சோனி கிடைத்தார். கொற்கையில் தூணும் இல்லை, எழுதுகிறவனும் இல்லை.

நோய்க்கு அயலானின் பெயரை வைப்பது இந்தப் பழியின் சாதுவான ரூபம். மேகநோயின் கொடிய வகையொன்று பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் பரவியபோது இத்தாலியர் அதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். கப்பலேறி நம் கரைக்கு வந்தவுடன் அது நமக்குப் பறங்கிப்புண் ஆயிற்று. 1918-இன் ஜுரத்துக்கு ஸ்பெயின் தேசத்தின் பெயர் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், போரில் சேராத அந்தத் தேசத்துப் பத்திரிகைகள் தணிக்கைக்கு ஆட்படாமல் உண்மையை அச்சிட்டதுதான். வாய் திறந்து சொன்னவன் தலையிலேயே நோய் கட்டப்பட்டது. இந்த அனுபவத்தை மனத்தில் கொண்டே 2020 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம், எந்த ஊரையும் எந்த இனத்தையும் சுட்டாத ஒரு பெயரைப் புது நோய்க்குத் தேடி வைத்தது. அதனால் மட்டும் என்ன ஆயிற்று? நம் நாட்டிலேயே வடகிழக்கு மாநிலத்து முகங்களைக் கண்ட இடத்தில் நோயின் பெயரால் கூவியழைத்தவர்கள் இருந்தார்கள். ஒரு மதத்தாரின் கூட்டத்தில் நோய் பரவியதென்று செய்தி வந்தவுடன், அந்த மதத்தைச் சேர்ந்த காய்கறி வண்டிக்காரனிடம் வாங்க மறுத்தவர்கள் இருந்தார்கள். சுவரில் விரல் துடைத்தவனைத் தேடும் ஜன்னல்கள் இன்னும் மூடப்படவில்லை.

*

அப்படியானால் கொள்ளைநோய்க் காலத்தில் சொல்லை எப்படிக் கையாள்வது என்ற கேள்விக்கு, இந்த இலக்கியத்தின் ஆதிபுருஷராகிய தூஸிடிடீஸ் ஒரு வழி காட்டியிருக்கிறார். கி.மு. 430-இல் ஏதென்ஸ் நகரத்தில் நோய் பரவியபோது அவர் அங்கே இருந்தார். தாமே நோயுற்றுப் பிழைத்தார். பிறர் நோயுற்று மடிவதைக் கண்ணாரக் கண்டார். எதிரிகள் தண்ணீர்த் தொட்டிகளில் நஞ்சு கலந்துவிட்டார்கள் என்று துறைமுகத்தில் எழுந்த பேச்சை அவர் ஒரு வரியில் குறித்துவிட்டு மேலே போகிறார். காரணத்தை ஆராய்வது மற்றவர் பாடு. நோயின் தன்மையை நான் விவரிக்கிறேன், மறுபடி எப்போதேனும் வந்தால் அடையாளம் கண்டுகொள்ளப் பயன்படட்டும் என்பது அவருடைய சங்கற்பம். தலையில் மூண்ட சூடு, சிவந்து எரிந்த கண்கள், அவிந்த குரல், தணியாத தாகம் என்று அவர் தொடங்கி முடிக்கிற வருணனையில் ஒரு சொல்கூட ஆபரணமாக இல்லை. அது எந்த நோய் என்று இன்றளவும் மருத்துவ அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பெயர் சூட்டாமலே உண்மையைச் சொல்லிவிட முடியும் என்பதற்கும், சூட்டிய பெயரால் மட்டும் உண்மை வந்துவிடாது என்பதற்கும் அவரைக் காட்டிலும் வேறு சாட்சி வேண்டியதில்லை.

அவர் கூறும் ஒரு சிறு செய்தியை நான் பல தடவை திரும்பப் படித்திருக்கிறேன். டோரியர்களோடு போர் மூளும், அத்துடன் கொள்ளைநோயும் வரும் என்று ஒரு பழைய ஆரூடம் ஏதென்ஸ் முதியோர் வாயில் வழங்கிவந்ததாம். கிரேக்க மொழியில் கொள்ளைநோய்க்கு 'லோய்மோஸ்', பஞ்சத்துக்கு 'லீமோஸ்'. ஆரூடத்தில் இருந்தது இதுவா அதுவா என்று அவர்களுக்குள் தகராறு. வந்திருந்தது நோயாகையால் நோய் என்று சொன்னவர்கள் ஜெயித்தார்கள். இன்னொரு போரும் பஞ்சமும் வந்தால் அதே ஆரூடத்தைப் பஞ்சம் என்று மாற்றிப் பாடுவார்கள் என்று தூஸிடிடீஸ் மெல்லிய நகைப்போடு முடிக்கிறார். பசியைப் பிணி என்றே வழங்கி, பசிப்பிணி என்று ஒரே சொல்லாக இணைத்த மணிமேகலையின் மொழியில் பிறந்தவர்களுக்கு அந்தத் தகராறு அவசியமற்றதாகத் தோன்றும். 2020 கோடையில் நெடுஞ்சாலைகளில் குழந்தைகளைத் தோளிலும் மூட்டைகளைத் தலையிலும் சுமந்துகொண்டு நூற்றுக்கணக்கான மைல் தூரத்திலிருந்த சொந்த ஊர்களை நோக்கி நடந்த தொழிலாளரைக் கேட்டிருந்தால், ஆரூடத்தில் எந்தச் சொல் இருந்தது என்று அவர்கள் தயக்கமின்றிச் சொல்லியிருப்பார்கள்.

எண்களும் சொற்களைப் போலவே நோய்வாய்ப்படுகின்றன என்பதை அறிந்தவர் டேனியல் டீஃபோ. 1665-இல் லண்டன் நகரத்தில் கொள்ளைநோய் கண்டு மாண்டவர்களாக மரணப் பட்டியல்களில் பதிவான தொகை 68,596. அப்போது டீஃபோவுக்கு ஏறக்குறைய ஐந்து வயது. 1720-இல் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் நோய் மறுபடி தோன்றி இங்கிலாந்தைக் கலங்க வைத்த சமயத்தை ஒட்டி, 1722-இல், குதிரைச் சேணம் விற்கும் வியாபாரி ஒருவன் தான் கண்டதை எழுதிவைத்ததுபோன்ற பாவனையில் அவர் ஒரு நூலை வெளியிட்டார். அந்த வியாபாரி பட்டியல்களை நம்புவதில்லை. கொள்ளைநோய் என்ற தலைப்பின் கீழ் இருவர் மூவரே காட்டப்படும் வாரத்தில், புள்ளிக் காய்ச்சல் என்றும், குழந்தைகளுக்குப் பல் முளைத்தல் என்றும் பிற தலைப்புகளின் கீழ் மரணங்கள் ஏன் இப்படி வீங்கியிருக்கின்றன, வழக்கமான வாரங்களில் இத்தனை பேரா புதைக்கப்படுகிறார்கள் என்று கூட்டிக் கழித்துப் பார்க்கிறான். வீட்டில் நோய் என்று தெரிந்தால் கதவில் செஞ்சிலுவை தீட்டிக் குடும்பத்தோடு பூட்டிவிடுவார்களென்று பயந்து ஜனங்கள் மறைத்தார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும். 2020, 2021 ஆகிய இரு வருஷங்களில் உலகில் நேர்ந்த மிகைச் சாவுகள் சுமார் 1 கோடியே 49 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டதும் இதே கணக்கு முறையால்தான். அரசாங்கங்கள் அறிவித்திருந்த தொகை சுமார் 54 லட்சம். விடுபட்டவர்கள் அத்தனை பேருக்கும் வேறு ஏதோ ஒரு தலைப்பு எழுதப்பட்டிருக்கும், அல்லது எதுவுமே எழுதப்படாமல் போயிருக்கும்.

டீஃபோவின் நூலில் என் மனத்தை விட்டு அகலாதவன் தேம்ஸ் நதிக்கரையில் அந்தச் சேண வியாபாரி சந்திக்கும் ஓர் ஏழைப் படகுக்காரன். அவனுடைய மனைவியும் குழந்தைகளும் நோய் புகுந்த வீட்டில் இருக்கிறார்கள். அவனோ படகிலேயே உண்டு, படகிலேயே உறங்கி, நடு ஆற்றில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்குச் சாமான்கள் வாங்கிக் கொடுத்துச் சம்பாதிக்கிறான். சம்பாதித்ததைக் கரையிலிருக்கும் ஓர் அகன்ற கல்லின்மேல் வைத்துவிட்டு, தூரமாகப் போய் நின்று குரல் கொடுக்கிறான். அவள் வந்து எடுத்துக்கொள்கிறாள். இருவரும் எட்ட நின்றபடியே சுகம் விசாரித்துக்கொள்கிறார்கள். விலகி நிற்பது என்ற சொல் நம் சமூகத்தில் ஏற்கெனவே சுமந்திருந்த இழிவை நாம் அறிவோம். ஆகையால் 2020-இல் அது புது நெறியாக உபதேசிக்கப்பட்டபோது என் போன்றவர்களுக்குக் கூச்சம் உண்டாயிற்று. அந்தக் கல்லைப் பற்றிப் படித்த பிறகே, விலகி நிற்பது அருவருப்பாகவும் இருக்கலாம், அன்பாகவும் இருக்கலாம், இடையில் கல்லின்மேல் என்ன வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கொண்டே அதைத் தீர்மானிக்க வேண்டும் என்ற தெளிவு வந்தது. லண்டனின் செஞ்சிலுவையும், நம் நகரங்களில் நோய் கண்ட வீடுகளின் வாசலை மறைத்து அடித்த தகரமும் ஒரே ஜாதி. பாட்டி காலத்து வீட்டு நிலையில் செருகிய வேப்பிலைக் கொத்தும் உள்ளே வராதே என்றுதான் சொன்னது. ஆனால் உள்ளே படுத்திருப்பது குற்றவாளி என்று அது சொல்லவில்லை. அதே பக்தி, அம்மை குத்த வந்தவனுக்குக் கதவைச் சாத்தியதும் உண்டு என்பதையும் சேர்த்தே நான் நினைத்துக்கொள்கிறேன்.

*

முதலில் பெயர் சொல்ல மறுக்கும் மௌனம். பிறகு பெயர் சொல்லிப் பிடித்துக் கொடுக்கும் கூச்சல். இவ்விரண்டுக்கும் பிறகு மூன்றாவதாக ஒரு மௌனம் வருகிறது. அதுவே எல்லாவற்றிலும் நீளமானது. 1918-இன் ஜுரம் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று; இருபதாம் நூற்றாண்டில் இந்நாட்டின் ஜனத்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு 1911-க்கும் 1921-க்கும் இடைப்பட்டதுதான். அத்தனை பெரிய சாவுக்கு நம் மொழிகளில் எத்தனை பக்கங்கள் இருக்கின்றன? ஹிந்திக் கவி நிராலா தம் மனைவியையும் உற்றாரையும் அந்த ஜுரத்துக்குப் பறிகொடுத்து, கங்கை பிணங்களால் நிறைந்திருந்த காட்சியைத் தம் நினைவுக் குறிப்பில் பதிந்துவைத்தார். இவ்வாறு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைப்பவற்றைத் தவிர, தேசம் அதை மறந்தேவிட்டது. மறந்தவன் அடுத்த முறை முதல் மௌனத்திலிருந்தே மறுபடி தொடங்குகிறான்.

உர்தூ எழுத்தாளர் ராஜிந்தர் சிங் பேடியின் 'க்வாரன்டீன்' என்ற சிறுகதை இந்த மூன்றாவது மௌனத்தை உடைப்பதற்கென்றே எழுதப்பட்டதோ என்று எனக்குத் தோன்றும். கொள்ளைநோயைக் காட்டிலும் தனிமை முகாமுக்கே ஜனங்கள் அதிகமாக அஞ்சி நடுங்குகிற ஓர் ஊர். கதையைச் சொல்லுகிறவர் அங்கே பணிபுரியும் மருத்துவர். தெருக் கூட்டும் தொழிலாளியான பாகூ விடியுமுன் எழுந்து சாக்கடைகளில் சுண்ணாம்பு தெளிக்கிறான், பிணம் தூக்குகிறான், எரிகிற சடலக் குவியலுக்குள் ஓர் உடம்பு அசைவதைக் கண்டு கையை விட்டு இழுத்துத் தானும் தீப்புண்படுகிறான். தன் மனைவியை நோய்க்குப் பறிகொடுத்த பின்னும் வேலைக்குத் திரும்பி வருகிறான். நோய் ஓய்ந்த பிறகு ஊர் கூடிப் பாராட்டுக் கூட்டம் நடத்தி மாலை சூட்டுகிறது, மருத்துவருக்கு. மாலையோடு வீடு திரும்பிய மருத்துவரிடம், துடைப்பத்தோடு நின்று வாழ்த்துச் சொல்லுகிறவன் பாகூதான். மருத்துவர் தம் வெட்கத்தை நமக்குச் சொல்லுகிறார், கதை முடிகிறது. பேடி செய்ததெல்லாம், ஊர் சொல்ல மறந்த ஒரு பெயரைச் சொன்னது ஒன்றே.

மாலையே கிடைக்காத மருத்துவர்களும் உண்டு. 2020 ஏப்ரல் மாதத்து இரவொன்றில் சென்னையில், நோய் தொற்றி உயிர்நீத்த மருத்துவர் ஒருவரின் சடலத்தை அடக்கம் செய்ய எடுத்துச் சென்றபோது, அந்தப் பூமியிலிருந்து தங்களுக்கு நோய் வரும் என்று ஒரு கூட்டம் திரண்டு கல்லாலும் கட்டையாலும் அடித்து, வண்டியோட்டிகளின் மண்டையை உடைத்து விரட்டிவிட்டது. குடும்பத்தாரும் அருகில் நிற்க முடியாத அந்த இரவில், சக மருத்துவர் ஒருவர் மருத்துவமனை ஊழியர் இருவரின் துணையோடு திரும்பப் போய், தம் கையாலேயே மண்ணைத் தள்ளி நண்பரைப் புதைத்தார். ஏதென்ஸில் நோயின் உச்சத்தில் அந்நியர் அடுக்கிய சிதையில் தம் பிணத்தைப் போட்டுவிட்டு ஓடியவர்களைப் பற்றி எழுதிய தூஸிடிடீஸ், அதே பகுதியில் வேறொரு சாராரையும் குறிப்பிடுகிறார். நோய் கண்டு பிழைத்தெழுந்தவர்களே நோயாளிகளிடமும் மரணத் தறுவாயில் இருப்போரிடமும் அதிகமாக இரக்கம் காட்டினார்கள். அது இன்னதென்று அவர்கள் அறிந்திருந்தார்கள், தங்களை அது இரண்டாம் முறை கொல்லாது என்ற துணிவும் அவர்களுக்கு இருந்தது என்று அவர் எழுதுகிறார். கொள்ளைநோய்க்குப் பிறகு மிஞ்சியவன் எத்தகையவனாக மிஞ்ச வேண்டும் என்பதற்கு, இருபத்துநான்கு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதிவைத்த அந்த விடைக்கு மேல் நான் எதையும் கண்டதில்லை. நாம் இப்போது அந்த இடத்தில், அறிந்தவர்களின் இடத்தில், நிற்கிறோம். நின்றுகொண்டு, பெரும்பாலும், வேறு விஷயங்களைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பாட்டியிடமே திரும்புகிறேன். காளயுக்தி வருஷத்து ஐப்பசியில், 1918-இல், அவள் பதின்மூன்று வயதுச் சிறுமி. அவளுடைய வீட்டில் பதினோரு நாட்களுக்குள் நான்கு சாவுகள் விழுந்தன. அந்த ஜுரத்துக்கு அவள் கடைசி வரையில் ஒரு பெயர் சொன்னதில்லை. 'அது' என்பாள், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு வருஷமும் மாளய அமாவாசையன்று கூடத்தில் விளக்கேற்றி இலை போட்டு உட்காரும்போது, அந்த நான்கு பேரையும் ஒருவர் விடாமல், மூத்தவரிலிருந்து தொடங்கி, இன்னும் பெயர் வைக்காமலே போய்விட்ட கைக்குழந்தையைச் 'சின்னது' என்று முடிக்கிற வரையில், வாய்விட்டு அழைப்பாள். பாம்பைப் பூச்சி என்று சொன்னவள் மனிதர்களை மனிதர்களின் பெயராலேயே அழைத்தாள். எதற்கு எந்தப் பெயர் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.